உஷார்! கடைசி விமானம் போனால் அப்புறம் நவம்பர்தான்

அண்டார்டிகாவில் இருக்கும் நம் மைத்ரி நிலையத்துக்கு விஞ்ஞானிகள் மட்டும் போவதில்லை. டாக்டர், சமையல்காரர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், டீசல் மெக்கானிக் எல்லோரும் போகிறார்கள். 'ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்' என்று விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். குளிரை விடுங்கள், அதற்கு உடுப்பு கொடுத்துவிடுவார்கள். பயப்பட வேண்டியது காலண்டருக்கு!

கேப் டவுனில் இல்யூஷின்-76 விமானம் ஏறினால் சுமார் ஆறு மணி நேரத்தில் பனிக்கட்டி ஓடுபாதையில் இறக்கிவிடுவார்கள். இவ்வளவுதானா என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். மார்ச்சோடு விமானமும் கப்பலும் நின்றுவிடும். குளிர்காலக் குழுவில் இருப்பவர்களுக்கு அடுத்த விமானம் அக்டோபர் கடைசியில், இல்லையென்றால் நவம்பரில். நடுவில் ஊரில் பெற்றவர்கள் கண்ணை மூடினாலும் வர முடியாது.

சரி, உடம்புக்கு வந்தால்? மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம். 1961 ஏப்ரல் கடைசியில் அங்கிருந்த ஒரே டாக்டருக்கு, லியோனித் ரோகசோவுக்கு, குடல்வால் அழற்சி வந்தது. வயது 27. வெளியே பனிப்புயல், விமானத்துக்கு வழியில்லை. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு தன் வயிற்றைத் தானே கீறினார். மெக்கானிக் கண்ணாடியும் விளக்கும் பிடித்தார். வானிலை ஆய்வாளர் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் எல்லாம் இடம்வலம் மாறித் தெரிந்ததால், கையுறை இல்லாமல் விரலால் தடவித்தான் பெரும்பாலான வேலையை முடித்தார். ஒன்றேமுக்கால் மணி நேரம். பிழைத்தார்! எல்லோரும் ரோகசோவ் இல்லை.

அதனால்தான் டெல்லி எய்ம்ஸில் மருத்துவப் பரிசோதனை, ஔலியில் இந்தோ-திபெத் எல்லைப் படையின் பனிப் பயிற்சி என்று முன்கூட்டியே சல்லடை போடுகிறார்கள். தேர்வாக வேண்டுமென்று பழைய வயிற்று வலியையோ தூக்க மாத்திரையையோ டாக்டரிடம் மறைக்கிற புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம். சொத்தைப் பல்லை இங்கேயே பிடுங்கிவிட்டுப் போங்கள்.

உயிருக்கு இன்னொரு எதிரி, சூடு. ஆம், சூடுதான்! 1990 ஜனவரி 8 அன்று ஹம்போல்ட் மலை முகாமில் நம் ஒன்பதாவது அண்டார்டிகா பயணக் குழுவைச் சேர்ந்த நான்கு பேர் இறந்தார்கள். குளிரில் விறைத்து அல்ல, கார்பன் மோனாக்சைடு நச்சால். சூட்டுக்காக எரிபொருளை எரிக்கும்போது கிளம்பும் இந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கூடாரத்தில் காற்றுப் போகும் ஓட்டையைக் குளிருக்காக அடைக்கிறவரைக் கண்டால் சண்டை போட்டாவது தடுங்கள். 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கமாண்டான்தே ஃபெராஸ் நிலையத்தில் ஜெனரேட்டர் அறையில் பிடித்த தீ இரண்டு பேரைக் கொன்றது. காற்று வறண்டது, தண்ணீரோ உறைந்து கிடக்கும். தீயணைப்பு வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது?

வெளியே போகும்போதும் உஷார். ஜப்பானின் ஷோவா நிலையத்தில் 1960 அக்டோபரில் பனிப்புயலுக்குள் போன ஷின் ஃபுகுஷிமா திரும்பவில்லை. உடல் 1968-ல்தான் கிடைத்தது, நாலு கிலோமீட்டருக்கு அப்பால். நிலையத் தலைவர் 'வெளியே போகாதே' என்றால் போகாதீர்கள். வழிக்கயிறு கட்டியிருந்தால் அதை விடாதீர்கள்.

மனுஷனுக்கு மனுஷன் ஆகாமல் போவதும் உண்டு. 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் சனாயே நிலையத்திலிருந்து, சக ஊழியர் தாக்குகிறார், மிரட்டுகிறார் என்று ஒரு மின்னஞ்சல் வந்து செய்தியானது. சூரியன் தலைகாட்டாத மாதங்களில், உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கும் கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

கையெழுத்துப் போடுமுன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அவசரத்துக்கு வர முடியாது என்பதை மனைவி, மக்கள், பெற்றோர் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அவர்கள் தயங்கினால், அண்டார்டிகாவின் கோடையில் மட்டும் இருந்துவிட்டுத் திரும்பும் கோடைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். மார்ச், ஏப்ரலுக்குள் வீடு வந்து சேரலாம்.