பரமார்த்த குரு கதை: மறுபதிப்பின் தரமறிதல்

பரமார்த்த குரு கதை, வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய நகைச்சுவைக் கதைநூல். தமிழ் உரைநடைப் புனைவின் முன்னோடிகளுள் ஒன்று. தமிழ் கற்கும் ஐரோப்பியருக்கான பயிற்சி நூலாக எழுதப்பட்ட இது, 1822-இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சானது. பதிப்புரிமைக் காலம் கடந்த நூல் என்பதால் எவரும் வெளியிடலாம். எனவே திருப்பூர் போன்ற ஊர்களின் புத்தகத் திருவிழாக்களில் ஒரே பெயரில் மூலநூல், சுருக்கம், சிறுவர்க்கான மறுகூறல் என வெவ்வேறு நூல்கள் விற்பனைக்கு வரக்கூடும். பாடத்துக்காக வாங்கும் மாணவர் இவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

மூலபாடம்

நல்ல மறுபதிப்பின் முன்னுரை, எந்த ஆண்டின் பதிப்பைப் பின்பற்றியது, எவற்றை மாற்றியது என்பதைச் சொல்லும். சந்தி பிரித்தல், நிறுத்தற்குறி சேர்த்தல் ஆகியவை வாசிப்புக்கு உதவுபவை. சொற்களை மாற்றினால் அது மறுகூறலாகிவிடும். வீரமாமுனிவரின் நடையை ஆராய அது பயன்படாது.

முழுமை

நூலில் எட்டுக் கதைகள் உண்டு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பவர்கள் ஐந்து சீடர்கள். கதைகள் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மரக்கிளையின் நுனியில் அமர்ந்து அடியை வெட்டும் சீடன் விழுவான் என்று பிராமணர் ஒருவர் சொன்னது பலிக்கிறது. அதனால் அவரைச் சோதிடராக நம்பி, குருவின் மரணம் எப்போது என்று கேட்கிறார்கள். ஆசனம் குளிர்ந்தால் மரணம் என்கிறார் அவர். பின்னர் குரு குதிரையிலிருந்து விழுந்து நனைவதும் இறுதியில் இறப்பதும் அந்த வாக்கைச் சார்ந்தே நகைப்பூட்டுகின்றன. கிளை வெட்டும் கதையை நீக்கிய பதிப்பில் முடிவு பொருளற்றுப் போகும். குதிரை முட்டை, ஆற்றைக் கடத்தல் ஆகியவை மட்டும் கொண்ட நூல் தேர்வுத் தொகுப்பே.

எழுத்தும் பிழையும்

தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். அவற்றை எழுத்துணரி மென்பொருள் கொண்டு தட்டச்சாக்கி, மெய்ப்புப் பார்க்காமல் அச்சிட்டால் பிழைகள் மலியும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருப்பது எளிதில் கண்ணில் படும் அடையாளம். எங்கேனும் இரண்டு பக்கங்களைப் படித்து, இணையத்தில் உள்ள பழம்பதிப்பின் படிமத்துடன் ஒப்பிட்டாலே போதும்.

தாளும் கட்டமைப்பும்

பின்னலாடைத் துணியின் கனத்தைத் திருப்பூரில் அளக்கும் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கான கிராம்) அலகே தாளுக்கும் உரியது. கதைநூல்களுக்கு 60 முதல் 80 ஜி.எஸ்.எம். வரையிலான தாள் வழக்கமானது. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரியும். பசையால் மட்டும் ஒட்டிய நூலைவிட நூலால் தைத்த கட்டு பலர் கைபடும் நூலகத்தில் நெடுநாள் உழைக்கும்.

எனினும் தாள், அட்டை, ஓவியம் ஆகியவற்றின் அழகு மூலபாடத்தின் குறையை ஈடுசெய்யாது. மலிவான தாளில் வந்த முழுமையான பதிப்பே மாணவருக்கு ஏற்றது.