ஹெராயின்: நாட்டின் கணக்கும் நம் வகுப்பறையும்

ஹெராயின் என்றால் பஞ்சாப், மணிப்பூர், மிசோரம் என்றே நமக்கு நினைவு வரும். பனமலைக்கும் செஞ்சிக்கும் அதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாட்டின் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தொடர்பு தெரியும்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் சுமார் 2.1 விழுக்காட்டினர், அதாவது 2.26 கோடிப் பேர், அபின் வகைப் போதையைப் பயன்படுத்துகிறார்கள். ஹெராயின் 1.14, வலிநிவாரணி மாத்திரைகள் 0.96, அபின் 0.52 விழுக்காடு. (கூட்டினால் மொத்தத்தைத் தாண்டுகிறதே என்று கணித ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒருவரே இரண்டையும் பயன்படுத்துவதால் வரும் மிகை அது.) 2004இல் வெளியான முந்தைய ஆய்வில் அபின்தான் முன்னே நின்றது. இப்போது அந்த இடம் ஹெராயினுக்கு.

இது வெறும் பெயர் மாற்றமன்று. அபினிலுள்ள மார்ஃபினை வேதிமுறையில் மாற்றியதே ஹெராயின். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இதை இருமல் மருந்தாகவே விற்றது. அபினைவிட மிக விரைவாக மூளையை எட்டும். அதனால் விரைவில் அடிமையாக்கும். பழகியவருக்குச் சில மணி நேரம் தவறினாலே மூக்கொழுகல், கொட்டாவி, உடல்வலி, வாந்தி தொடங்கிவிடும். பிறகு அவர் இன்பத்துக்காக அல்ல, இந்த வேதனைக்குப் பயந்தே மீண்டும் எடுக்கிறார்.

நமக்கு முக்கியம் இரண்டாம் இடத்திலுள்ள மாத்திரைகள். இவற்றுக்கு எல்லை தாண்டிய கடத்தல் தேவையில்லை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் கல்லீரல் அழற்சியும் பரவும். இன்னும் கீழ் வகுப்புகளில் பஞ்சர் ஒட்டும் பசை, தின்னர். முகரும் போதை ஒன்றில்தான் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் விழுக்காடு கூடுதல், ஏறத்தாழ இரு மடங்கு, என்கிறது அதே ஆய்வு.

போதைப் பழக்கமுள்ள மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது எளிது. ஆனால் பொருள் கிடைக்கும் இடத்துக்கே அவனை முழுநேரமாக அனுப்புகிறோம். அச்சமூட்டும் படங்களும் உதவா. எந்தப் பொருளை எப்படி எடுப்பார்கள் என்று விளக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் சில பிள்ளைகளுக்குப் பாடமாகவே அமைந்துவிடும். வருகைப் பதிவேடு இதைவிட நன்றாகப் பேசும்: திங்கட்கிழமை தோறும் விடுப்பு, திடீரென மாறிய நண்பர்கள், முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மறுப்பது. இவற்றில் ஒன்று மட்டும் தெரிந்தால் முடிவுகட்ட வேண்டாம், தனியே அழைத்து, "ராத்திரி தூங்கினியாப்பா?" என்று கேட்டால் போதும்.

சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. போலீஸ் வருமோ என்ற பெற்றோரின் அச்சமும் தடையாகிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கு உள்ளானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆலோசனைக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446.