விதைத் தானியமும் வண்டலூர்ப் பூங்காவும்

கோடை விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் குடும்பங்கள் பல, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவையும் கண்டு வருகின்றன. குழந்தைகள் புலியைக் கண்டு வியப்பார்கள். பெரியவர்கள் மரநிழலில் இளைப்பாறுவார்கள். ஆனால், அப்பூங்காவின் தலையாய பணி பார்வையாளர் கண்ணில் படாமலே நடைபெறுகிறது. அருகிவரும் உயிரினங்களைக் காத்துப் பெருக்குவதே அப்பணி. 1855 ஆம் ஆண்டில் சென்னை அருங்காட்சியகத்தில் சிறிய அளவில் தோன்றி, 1985 ஆம் ஆண்டில் வண்டலூர்க் காட்டில் இடம்பெற்ற இப்பூங்காவுக்குப் பொதுமக்கள் துணைநிற்க வேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் இதைச் சொன்னால் ஒரு கேள்வி எழும். “மழை பொய்த்தால் மாட்டுக்கு வைக்கோல் வாங்கவே வழியில்லை, சிங்கத்தின் இறைச்சிக்கு நாம் ஏன் பணம் தரவேண்டும்?” வறட்சியை அனுபவித்தவர் கேட்கும் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

இதற்கான விடை நம் கரிசல் குடியானவரின் வீட்டிலேயே இருக்கிறது. எத்தகைய பஞ்சத்திலும் குலுக்கையில் கட்டிவைத்த விதைக் கம்பில் அவர் கைவைப்பதில்லை. உண்டு தீர்த்துவிட்டால், மறு ஆண்டு மழை பெய்தும் பயனில்லை என்பதை அவர் அறிவார். நல்ல உயிரியல் பூங்காவும் அத்தகைய குலுக்கையே.

பிரான்சு நாட்டு வின்சென்ட் சபைக் குருவான அர்மான் டேவிட் அடிகளார், 1865 ஆம் ஆண்டில் பீக்கிங் நகருக்கருகே பேரரசரின் மதில் சூழ்ந்த வேட்டைத் தோட்டத்தில் விந்தையான மானினம் ஒன்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். 1895 ஆம் ஆண்டு வெள்ளமும் 1900 ஆம் ஆண்டுக் கலகமும் அம்மந்தையை அழித்தன. ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளில் எஞ்சியிருந்த மான்களை இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் கோமகன் ஓரிடத்தில் சேர்த்தார். அவை 18 மட்டுமே. அவற்றின் வழித்தோன்றல்கள் 1985 ஆம் ஆண்டில் சீனாவுக்குத் திரும்பின. இன்று அங்கே அவை ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அம்மானினம் இன்றும் அடிகளாரின் பெயராலேயே வழங்குகிறது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. வட இந்திய ஆறுகளில் வாழும் நீள்மூக்கு முதலையான கரியால் அழியும் நிலையை எட்டியபோது, 1975 ஆம் ஆண்டில் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் 1980 ஆம் ஆண்டில் கரியால் முதன்முறையாக மனிதப் பராமரிப்பில் குஞ்சு பொரித்தது.

சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்தி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகின் வேறெந்தக் காட்டிலும் இல்லை. அதன் இனப்பெருக்கத் திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு வண்டலூருக்கு உரியது. திருச்சுழி வழியாகச் செல்லும் குண்டாறு, மேற்கே வருசநாட்டு மலைச்சரிவில் பிறக்கிறது. அதை அடுத்த மேகமலைக் காடுகளிலே சோலைமந்தி வாழ்கிறது. ஒரு குரங்கு பிழைத்தால் நம் கண்மாய் நிறையும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், பழம் தின்று விதை பரப்பும் உயிர்கள் மறைந்தால் காடு மெலியும். காடு மெலிந்தால் மலையிலிருந்து வரும் நீரும் மெலியும்.

“கூண்டில் அடைப்பது கொடுமை அன்றோ?” என்பாரும் உளர். இடுங்கிய கூண்டில் உயிர்களை வாட்டும் காட்சிசாலையை ஆதரிக்க வேண்டியதில்லை. அத்தகைய கொடுமையைத் தடுக்கவே 1992 ஆம் ஆண்டில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்டது. சர்க்கசில் வித்தைகாட்டி அல்லலுற்ற சிங்கங்களுக்கு அடைக்கலம் தந்ததும் வண்டலூர்ப் பூங்காவே.

பெருந்தொற்றுக் காலத்தில் பூங்கா மூடப்பட்டபோது நுழைவுக் கட்டண வருவாய் நின்றது; விலங்குகளின் பசி நிற்கவில்லை. 2021 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிங்கங்களையும் அந்நோய் தொற்றியது, இரண்டு இறந்தன. நாம் கொடுக்கும் கட்டணம் தீவனமாகவும் மருந்தாகவும் மாறுகிறது என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

இயன்றவர்கள், குறிப்பிட்ட விலங்கின் உணவுச் செலவை ஏற்கும் தத்தெடுப்புத் திட்டத்தில் சேரலாம். பங்கின் இளைஞர் குழுவினர் சிறு தொகை திரட்டி ஒரு பறவைக்கேனும் உணவளிக்கலாம். பணம் இல்லாதவரும் செய்யத்தக்கவை உண்டு: விலங்குகளைச் சீண்டாதிருத்தல், நெகிழிப் பைகளை எறியாதிருத்தல், பிடித்து விற்கப்படும் கிளியையும் நட்சத்திர ஆமையையும் வாங்க மறுத்தல்.

பெற்றோரே, அடுத்த முறை பிள்ளைகளை வண்டலூருக்கு அழைத்துச் செல்லும்போது, சோலைமந்தியின் முன் சற்று நேரம் நில்லுங்கள். நம் குண்டாறு பிறக்கும் மலைக்கு அது அண்டை வீட்டார் என்று சொல்லுங்கள். குலுக்கையில் இருக்கும் விதையைக் காப்பது வீட்டார் அனைவருடைய கடமையும் அன்றோ?