அழுத்த மாத்திரையும் சர்க்கரைக் கணக்கும்

காலையில் கடை திறந்து இரவு கல்லாவைப் பூட்டும் வரை உட்கார்ந்தே வியாபாரம் பார்க்கும் நமக்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் புதிய விருந்தாளிகள் அல்ல. பல வீடுகளில் முதலில் கொதிப்பு வருகிறது; சில வருடம் கழித்துச் சர்க்கரை. “கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுத்தான் சர்க்கரை வந்தது” என்று மண்டியிலும் மார்க்கெட்டிலும் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சில் உண்மை கொஞ்சம் உண்டு. எவ்வளவு என்பதை எடை போட்டுப் பார்க்க வேண்டாமா?

ரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசைகளுக்குள் இறக்கிவைப்பது இன்சுலின். லாரி வாசலில் நிற்க, குடோன் ஷட்டர் பாதிதான் திறக்கிறது என்றால் சரக்கு தெருவில் தேங்கும். இன்சுலின் சுரந்தும் தசைகள் அதற்கு இணங்காத நிலை அப்படிப்பட்டது. கொதிப்பு உள்ள பலருக்கு மாத்திரை தொடங்கும் முன்பே இந்த மந்தம் இருக்கிறது. தொப்பையும் அசையாத உடம்பும் இரண்டு நோய்க்கும் பொதுவான காரணங்கள். பழி முழுவதையும் மாத்திரை மேல் போடுவது நியாயமாகாது.

மாத்திரைகளும் ஒரே ரகம் அல்ல. அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இன்சுலினுக்குத் தசைகள் இணங்குவதைக் குறைக்கின்றன. அதே குடும்பத்துக் கார்விடிலால் அப்படிச் செய்வதில்லை. சிறுநீர் பிரிக்கும் தயசைடு வகை மாத்திரைகள் உடம்பின் பொட்டாசியத்தை வெளியேற்றுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் இன்சுலின் சுரப்பும் குறையும். அளவு கூடினால் கெடுதலும் கூடும். அம்லோடிபின் சர்க்கரைப் பக்கம் போவதில்லை. எனலாபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை சர்க்கரைக்குத் தீங்கில்லாதவை. ஓரளவு அனுகூலம் என்றும் சொல்லலாம்.

2002-ல் வெளியான ‘ஆல்ஹாட்’ என்ற பெரிய ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டோர் பங்கு பெற்றனர். நான்கு ஆண்டு முடிவில் புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள், தயசைடு குடும்பத்துக் குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களில் 100-க்கு 11.6, அம்லோடிபினில் 9.8, லிசினோபிரிலில் 8.1. இத்தோடு நிறுத்தினால் கணக்கு தப்பாகிவிடும். மாரடைப்பைத் தடுப்பதில் குளோர்தாலிடோன் மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை. வரவையும் பார்க்காமல் செலவை மட்டும் பார்த்து ஒரு சரக்கை நாம் ஒதுக்குவோமா?

நம்மில் பலர் பழைய அட்டையைக் காட்டியே ஆண்டுக் கணக்கில் மாத்திரை வாங்குகிறோம். பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கூடத் தேதி பார்க்கும் நாம் இதில் மட்டும் ஏனோ அசட்டை! அட்டையில் மருந்தின் பெயரைப் பாருங்கள். பெயரின் கடைசியில் ‘எச்’ என்று இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்தது. ‘ஏடி’ என்றால் அட்டெனலால். அதற்காக இன்றே நிறுத்திவிடக் கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் அதே மாத்திரைதான் காவல். அட்டையை டாக்டரிடம் காட்டி, “எனக்குச் சர்க்கரை ஏறுகிறது, இதை மாற்றலாமா?” என்று கேளுங்கள். கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் பரிசோதிக்கலாமா என்றும் கேளுங்கள்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பண்டிகைக் கூட்டத்தில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். படபடப்பும் கை நடுக்கமும்தான் அதன் எச்சரிக்கை மணி. பீட்டா பிளாக்கர் அந்த மணியை அமுக்கிவிடக்கூடும். வியர்வை மட்டும் வரும். மின்விசிறி போதவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரை கலந்த எதையாவது குடியுங்கள். கடைப் பையனிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

நம் கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் சேர்ப்பது வழக்கம். ராமிபிரில், டெல்மிசார்டன் போன்றவை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் அளவு மீறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். கொதிப்புக்கு நல்லது என்று கேட்டு வரும் வாடிக்கையாளரிடம், டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கும்படி சொல்லி அனுப்புவோம்.