பனிநாட்டுச் சாலையில் இருவர்

குளிர்காலத்தில் டோக்கியோவிலிருந்து காரில் வடமேற்கே கிளம்பும் தம்பதிக்கு முதல் ஒன்றரை மணி நேரம் பனி அநேகமாகக் கண்ணில் படாது. கான்டோ சமவெளியில் வெயில் அடிக்கும். அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடக்கும். கன்எட்சு விரைவுச்சாலை குன்மா மாகாணத்து மலைகளில் ஏறி, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றுக்குள் புகுகிறது. அப்பால் நீகாத்தா மாகாணத்தின் யுசாவா. அங்கே சாலையோரம் ஆளுயரத்துக்குப் பனி குவிந்திருக்கும்.

சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது, அங்கு ஓடும் சுஷிமா வெப்ப நீரோட்டத்தால் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. ஜப்பானின் முதன்மைத் தீவின் மலைத்தொடரில் மோதி மேலெழுந்து, ஈரத்தையெல்லாம் மேற்குப் பக்கத்திலேயே பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி டோக்கியோ பக்கம் இறங்குவது வெறும் காய்ந்த காற்று. 1968இல் நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபாட்டா, ‘பனிநாடு’ நாவலை யுசாவாவில் தங்கித்தான் எழுதினார். பக்கத்து ஊரான ஷியோசாவாவின் வணிகர் சுசுகி போகுஷி, பனிக்கிடையே நடக்கும் வாழ்க்கையை 1837இல் வெளிவரத் தொடங்கிய ‘ஹொகுஎட்சு செப்பு’ என்ற நூலில் பதிந்து வைத்தார். அவர் எழுதிய நெசவு இன்றும் நடக்கிறது. ராமி நாரில் நெய்த துணியைப் பிப்ரவரி, மார்ச் மாதத்து வெயில் நாட்களில் பனியின்மேல் விரித்து வெளுக்கிறார்கள். இந்த நெசவுக்கலை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. வழியில் இந்த ஒரு காட்சி வாய்த்தாலே பயணம் நிறைந்துவிடும்.

இங்கே சாலையும் பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஊர்ச் சாலைகளின் நடுவே பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கின்றன. நாகாவோக்கா நகரில் பிறந்த ஏற்பாடு இது. நீரிலுள்ள இரும்பால் தெருவே செம்பழுப்பாகக் கறைபட்டிருக்கும். பனி மூடிய இடங்களில் சாலையின் விளிம்பு எங்கே என்பதைக் கம்பங்களில் தொங்கும் சிவப்பு வெள்ளை அம்புக்குறிகள் காட்டுகின்றன. முன்பு புழங்கிய ஆணி டயர்கள் தார்ச்சாலையைச் சுரண்டி ஊரெல்லாம் தூசி கிளப்பியதால் 1990இல் சட்டம் அவற்றைத் தடுத்தது. இன்று எல்லாரும் மாட்டுவது ஆணியில்லாத குளிர்கால டயர். டோக்கியோவில் காரை வாடகைக்கு எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் இன்னும் நல்லது. இந்தியாவும் இலங்கையும் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இருப்பதால், அதன்படி வழங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும். நம்மைப் போல அங்கும் இடப்பக்கப் போக்குவரத்துதான்.

அதனால் வரும் துணிச்சல் ஆபத்தானது. 2020 டிசம்பரில் இதே கன்எட்சு சாலையில் கடும்பனியால் சுமார் 2,100 வாகனங்கள் சிக்கி, முழுதாக மீள இரண்டு நாளுக்கு மேலாயிற்று. பெரும்பனி எச்சரிக்கை வந்தால் இப்போது சாலையை முன்னதாகவே மூடிவிடுகிறார்கள். அகப்பட்டுக்கொண்டால் எஞ்சினை நிறுத்துவது நல்லது. ஓட விட்டால் புகைபோக்கியைச் சுற்றிய பனியை அடிக்கடி அள்ள வேண்டும். இல்லாவிட்டால் நச்சுப்புகை காருக்குள் திரும்பி உயிரைக் குடிக்கும். ஒரு மண்வெட்டி, கம்பளி, தண்ணீர், பெட்ரோல் நிறைந்த தொட்டி ஆகியவை இருவருக்கும் போதுமான காவல்.

டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பாரம்பரிய விடுதிகளில் இரவு உணவு ஆறு, ஆறரைக்கு. ஆகவே ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வதே சரி. வெந்நீர் ஊற்றுக் குளியல் பெரும்பாலும் ஆண், பெண் என்று தனித்தனியே இருக்கும். இருவரும் சேர்ந்து குளிக்க, நேரம் குறித்துத் தரும் தனிக்குளியல் அறைகள் பல விடுதிகளில் உண்டு. அறையில் கொதாட்சு எனப்படும், போர்வை சுற்றி அடியில் சூடேற்றிய குட்டை மேசை. காலை அதற்குள் நுழைத்துக்கொண்டு பேசியிருக்கும் இரவுகளுக்காகவே இந்தப் பருவத்தில் வரலாம்.

யுசாவாவிலிருந்து பயணம் அடுத்து நாகானோ மாகாணத்துக்கு. அங்கிருந்து மேற்கே தகயாமா செல்லும் வழியில், முன்பு அபோ கணவாய் குளிர்காலம் முழுக்க அடைபட்டிருந்தது. 1997இல் சுரங்கம் திறந்தபின் வழி பிறந்தது. தகயாமாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஷிராகவாகோ. 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்தக் கிராமத்தின் புல்வேய்ந்த கூரைகள் ஏறத்தாழ 60 பாகைச் சரிவு கொண்டவை. கூரைச் சட்டத்தை ஆணியில்லாமல் கயிற்றாலும் கொம்புகளாலும் கட்டியிருக்கிறார்கள். மேல்தளங்களில் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரை மாற்றும் நாளில் ஊரே கூடி வேலை செய்யும். குளிர்கால விளக்கொளி இரவுகளுக்கு முன்பதிவு கட்டாயம்.

ஊரே கூடி வேலை செய்யும் இந்தக் கொடுப்பினை எல்லா ஊருக்கும் இல்லை. இளையவர் நகரம் போய்விட, கூரைப்பனியை அள்ளுவது முதியவர் தலையில் விழுகிறது; அதில் தவறி விழுந்து ஆண்டுதோறும் பலர் இறக்கிறார்கள். 2023 கணக்கெடுப்பில் நாட்டில் ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம். இத்தகைய ஊர்களின் சாலையோர நிலையங்களில் விவசாயிகள் முள்ளங்கி, ஊறுகாய், அரிசி விற்கிறார்கள். 1993இல் தொடங்கிய இந்நிலையங்கள் இன்று நாடெங்கும் 1,200க்கு மேல். கழிப்பறையும் வண்டி நிறுத்தமும் இரவு பகல் திறந்திருக்கும். பயணிகள் கையிலுள்ள பணத்தைச் செலவிட இதைவிடத் தகுந்த இடமில்லை.

ஷிராகவாகோவிலிருந்து ஹாகுசான் மலைவழிச் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். விரைவுச்சாலையில் கோகயாமா வழியே கனசாவா போய், காரை அங்கேயே ஒப்படைத்துவிடலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அங்கிருந்து புல்லட் ரயிலில் டோக்கியோ இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.