வில்லி கிளான்சி கோடைக்காலப் பள்ளி
வில்லி கிளான்சி கோடைக்காலப் பள்ளி என்பது அயர்லாந்தின் மேற்கே, கிளேர் கவுண்டியிலுள்ள மில்டவுன் மால்பே என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடைபெறும் மரபிசைப் பயிலரங்கு ஆகும். அவ்வூரைச் சேர்ந்த இல்லியன் குழற்கலைஞர் வில்லி கிளான்சியின் (1918–1973) நினைவாக, அவர் மறைந்த ஆண்டிலேயே இது தொடங்கப்பட்டது.

இல்லியன் குழல் ஒருவகைப் பைக்குழல் ஆகும். ஸ்காட்லாந்துக் குழலைப் போல இது வாயால் ஊதப்படுவதில்லை. முழங்கையால் அழுத்தப்படும் துருத்தியே காற்றைச் செலுத்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனை வாசிப்போர் மிகவும் அருகிவிட்டனர். அந்நிலையில் தேர்ந்த கலைஞர் ஒருவர் மறைந்தால், ஏட்டில் எழுதப்படாத நுணுக்கங்களும் அவருடனேயே மறைந்துவிடும். 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கலையைத் தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பள்ளியில் இக்குழலுடன் பிடில், புல்லாங்குழல், கான்சர்டினா முதலியனவும் ஆடலும் பாடலும் கற்பிக்கப்படுகின்றன. ஆசிரியர் ஒரு மெட்டைச் சிறு துண்டுகளாக வாசிக்க, மாணவர் கேட்டுத் திரும்ப வாசிப்பர். ரீல், ஜிக் போன்ற ஆட்ட மெட்டுகளை இசைக்குறிப்பாக எழுதலாம். ஆயினும் அவற்றின் அசைவு அதில் முழுமையாக அடங்குவதில்லை. பக்கவாத்தியமின்றிப் பாடப்படும் 'சான் நோஸ்' பாடலுக்கு இது இன்னும் பொருந்தும்; ஒரே அடியைப் பாடகர் ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக அணிசெய்வார்.

மாலையில் ஊரின் மதுக்கூடங்களில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து வாசிப்பர். மெட்டு அறியாதவர் கருவியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதே அங்குள்ள மரபு.