மிஸி படிக்கிற மேல்படிப்பு நமக்கு எதற்கு?



கூலி, வேலை நேரம், லயத்து வீடு என்று எழுதி வந்த இந்தப் பகுதியில் மருத்துவமனைத் தாதிகளின் மேல்படிப்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம்மில் வயசானவர்களை மூச்சு வாங்க வைத்து, மாதத்துக்கொரு தரம் வார்டில் படுக்கப்போடுகிற ஒரு வியாதிக்கும் அந்தப் படிப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வியாதிக்கு இருதயத் தளர்ச்சி என்று பெயர். மாரடைப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாரடைப்பு திடீரென்று வரும். இது வருஷக்கணக்கில் கூடவே குடியிருக்கும். தோட்டத்து டாங்கிக்குத் தண்ணி ஏற்றுகிற பம்பு தேய்ந்துபோனால் என்ன ஆகும்? மேலே போக வேண்டிய தண்ணி போகாது. இருதயமும் அப்படித்தான். அது தளர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறைகிறது. உடம்பில் தண்ணியே இல்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர் காலில் இறங்கி வீங்கும், நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். ராத்திரி மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்காருவார்கள். நாம் "இழுப்பு" என்று சொல்லி தைலம் தேய்ப்போம்.

ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், பழைய மாரடைப்பு, வால்வுக் கோளாறு எல்லாம் இதற்குக் காரணம். வருஷக்கணக்கில் குடித்த சம்சுவும் காரணம்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர், ஜொகூர் தோட்டமொன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் மரம் சீவியவர். பின்னால் மகனோடு சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கில் குடியேறினார். பழைய ஆட்களுக்கு அது பத்தாங்கட்டை. ஒரு காலத்தில் அங்கேயும் ரப்பரும் அன்னாசியும் காம்பியரும் நின்றன. நம்ம ரயிலும் அந்த வழியாகத்தான் 2011 வரை ஓடியது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள்தான். முருகன் ஹில் கோயிலுக்கு நடந்தே போய்வந்த பாட்டி, பிறகு பஸ் நிறுத்தத்துக்கே நாலு இடத்தில் நின்று நின்று போனார். ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டு நீரை இறக்கி, ஒரு பை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் நன்றாக இருப்பார். மறுபடியும் கால் வீங்கும்.

நாலாவது தடவை ஒரு தாதி வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தமிழ்ப் பெண். முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"பாட்டி, முட்டி வலிக்கு என்ன சாப்பிடுறீங்க?"

"கடையில வாங்குற மாத்திரைதாம்மா. தினம் ரெண்டு."

விஷயம் அங்கேதான் இருந்தது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும். இருதயம் தளர்ந்தவருக்கு அது ஆகவே ஆகாது. முதுகு ஒடிய வேலை செய்கிற நம் வீடுகளில் அந்த மாத்திரை இல்லாத அலமாரி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! இரண்டாவது, கருவாடும் ஊறுகாயும். மூன்றாவதாக, இருதயத் துடிப்பை அடக்குகிற மாத்திரை ஒன்றைப் பாட்டி தானே நிறுத்தியிருந்தார். "அதைப் போட்டா அசதியா இருக்கு மிஸி" என்றார். அந்த மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஆரம்ப அசதி பெரும்பாலும் பழகிவிடும். இதை அதுவரை யாரும் அவரிடம் உட்கார்ந்து சொன்னதில்லை.

அந்தத் தாதி சாதாரணப் பயிற்சியோடு நின்றவர் அல்ல. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003ல் தாதியருக்கான முதுநிலைப் படிப்பு தொடங்கியது. பல வருஷம் வார்டில் வேலை பார்த்த தாதிகள் இதில் சேர்ந்து, நோய் உடம்பில் எப்படி வேலை செய்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, நெஞ்சில் குழாய் வைத்து எதைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் படிக்கிறார்கள். படித்ததும் முடிந்துவிடாது. மேற்பார்வையில் பயிற்சி எடுத்த பிறகுதான் உயர்நிலைத் தாதி என்ற பதிவு கிடைக்கும். 2018ல் இன்னொரு கூட்டுப் பயிற்சித் திட்டம் வந்தது. அதை முடித்தவர்கள், மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து எழுதித் தரவும் முடியும்.

இது முக்கியம். மருந்து அளவை ஏற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் எடுத்து சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் இறங்கினால் குறைக்க வேண்டும். பெரிய டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிற நோயாளிக்கு இதை யார் செய்வது? இடையில் வருகிற அந்த மூன்று மாதத்தில்தான் ஆள் விழுகிறார்.

வெளியூர்க் கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 282 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1995ல் வந்தது. தாதி முன்னின்று சொல்லிக்கொடுத்து, வீடு தேடிப் போய்க் கவனித்த பிரிவில், இருதயத் தளர்ச்சிக்காக 90 நாளுக்குள் மறுபடி படுத்தவை 24 தடவை. வழக்கமான கவனிப்பில் 54. ஸ்வீடனில் தாதிகளே நடத்திய கிளினிக்குகளைப் பற்றி 2003ல் வந்த ஆய்வில் 106 பேர். ஒரு வருஷத்தில் அந்தக் கிளினிக்குப் பக்கம் இறந்தவர்கள் 7, மற்றப் பக்கம் 20.

நம் தோட்டங்களில் முன்பு டிரசர் இருந்தார். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அவர்தான் எல்லாம். நல்லவர்களும் இருந்தார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துத் தண்ணியை ஊற்றி அனுப்பியவர்களும் இருந்தார்கள். மக்கள் பக்கத்தில் இருந்து கவனிக்கிற ஆள் வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். அந்த ஆளுக்குப் படிப்பும், படிப்புக்கேற்ற அதிகாரமும், அதிகாரத்துக்கேற்ற சம்பளமும் கொடுப்பதுதான் புதுசு. முதலாவதைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் நிர்வாகங்கள் மறந்துவிடுகிற இடங்களும் உண்டு. தாதிகளின் சங்கங்கள் அதைக் கேட்கும்போது நாமும் கூட நிற்க வேண்டும்.

இப்போது பாட்டி காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்வந்து, பசியாறுவதற்கு முன் தராசில் ஏறுகிறார். பேரப்பிள்ளை காலண்டரில் எழுதிவைக்கிறான். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே மிஸிக்குப் போன். போன வருஷம் இரண்டு தடவை அப்படி ஏறியது. நீர் மாத்திரையைப் போனிலேயே கூட்டச் சொன்னார், மறுநாள் வரச்சொல்லி ரத்தமும் பார்த்தார். வார்டில் படுக்கவில்லை. 2021ல் செஞ்சா ரோட்டில் பாலிகிளினிக் வந்த பிறகு கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் அங்கேயே போய்க்கொள்கிறார், அலைச்சல் மிச்சம்.

உங்கள் வீட்டில் யாரையாவது இந்த வியாதிக்காகப் படுக்க வைத்திருந்தால், வீட்டுக்கு அனுப்பும் நாளில் மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள். எடை எவ்வளவு ஏறினால் யாருக்குப் போன் செய்வது? எந்த மாத்திரையை எப்போது ஏற்றுவார்கள்? வலிக்கு எது சாப்பிடலாம்? பதில் சொல்பவர் தாதியாக இருந்தால் பேரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் விஞ்ஞானப் பாடத்தில் நல்ல புள்ளி வாங்குகிற மகள் இருந்தால் அவளையும் கூட அழைத்துப் போங்கள். மகனாக இருந்தாலும் சரி, வார்டில் ஆண் தாதிகளும் இருக்கிறார்கள்.